அமெரிக்காவில் ஆசியர்கள் மீதான வன்முறை: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

அமெரிக்காவில் பிள்ளைகளைப் படிக்கவோ வேலைக்கோ அனுப்பிய பெற்றோர்கள், போகத் தயாராகும் மாணவர்கள், அங்கேயே பல வருடமாகக் குடியிருப்பவர்கள் என்று பலரும் கேட்கும் கேள்விகள் இவை. சிலவற்றுக்கு இரண்டு வரி போதும். சிலவற்றுக்குப் போதாது.

ஆசியர் என்றால் சீனர்கள்தானே? நாம் அதில் எங்கே வருகிறோம்?

அமெரிக்கத் தெருப்பேச்சில் ஆசியர் என்றால் சீன, கொரிய, ஜப்பானிய முகங்கள்தான் நினைவுக்கு வரும். ஆனால் அங்குள்ள மக்கள்தொகைக் கணக்கெடுப்பு 1980-லிருந்து இந்தியர்களையும் ஆசியர் பிரிவில்தான் சேர்க்கிறது. பெர்க்லியில் 1968-ல் சில மாணவர்கள் சேர்ந்து 'ஆசிய அமெரிக்கர்' என்ற பெயரில் ஓர் அமைப்பைத் தொடங்கினார்கள். தனித்தனியாக அடி வாங்குவதைவிட ஒன்றாக நின்று பேசலாம் என்பதுதான் அதன் கணக்கு.

அடிப்பவன் யாருடைய பாஸ்போர்ட்டையும் பார்ப்பதில்லை. ஜப்பானியர் என்று நினைத்துச் சீனரையும், முஸ்லிம் என்று நினைத்துச் சீக்கியரையும், ஈரானியர் என்று நினைத்து ஐதராபாத் பொறியாளரையும் கொன்றிருக்கிறார்கள். மூன்றைப் பற்றியும் கீழே வருகிறது. ஆள் மாறிப்போனதுதான் இவற்றில் நடந்த தவறு என்று சிலர் பேசுவார்கள். அப்படியானால் 'சரியான' ஆளை அடித்திருந்தால் பரவாயில்லையா?

இதெல்லாம் கொரோனாவுக்குப் பிறகு வந்த வெறுப்புதானே?

கொரோனா காலத்தில் கூடியது உண்மை. 2020 மார்ச் 16 அன்று அதிபர் டிரம்ப் ட்விட்டரில் 'சீன வைரஸ்' என்று எழுதினார். அதே மாதம் 'ஸ்டாப் ஏஏபிஐ ஹேட்' (ஏஏபிஐ என்றால் ஆசிய அமெரிக்கர், பசிபிக் தீவினர்) என்ற அமைப்பு புகார்களைச் சேகரிக்க ஆரம்பித்தது. 2021 பிப்ரவரி முடிவுக்குள் 3,795 புகார்கள் வந்தன. அவற்றில் சுமார் 68 சதவீதம் வாய்வார்த்தைத் துன்புறுத்தல், 11 சதவீதம் உடல்ரீதியான தாக்குதல். புகார் கொடுத்தவர்களில் மூன்றில் இரண்டு பங்குக்கு மேல் பெண்கள். இவை மக்களே எழுதிக்கொடுத்தவை, போலீஸ் பதிவுகள் அல்ல. போலீஸ் பதிவுகளைத் தொகுக்கும் எஃப்.பி.ஐ. கணக்கில் ஆசியர்களுக்கு எதிரான வெறுப்புக் குற்றச் சம்பவங்கள் 2019-ல் 158, 2020-ல் 279. உள்ளூர்க் காவல்துறைகள் இந்தக் கணக்கைக் கொடுத்தே ஆக வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. அதனால் அந்த எண்ணைக் குறைந்தபட்சம் என்றுதான் எடுத்துக்கொள்ள வேண்டும்.

ஆனால் 'கொரோனாவால் வந்தது' என்று சொன்னால், கொரோனா போனதும் இதுவும் போய்விடும் என்று ஆகிவிடும். 150 வருட வரலாறு அப்படிச் சொல்லவில்லை.

அந்த வரலாற்றைச் சுருக்கமாகச் சொல்ல முடியுமா?

1854-ல் கலிஃபோர்னியா உச்ச நீதிமன்றம், வெள்ளையருக்கு எதிராகச் சீனர் சாட்சி சொல்ல முடியாது என்று தீர்ப்பளித்தது. அந்தத் தீர்ப்பு நடைமுறையில் என்ன சொல்கிறது என்று பாருங்கள்: ஒரு சீனரை அடிக்கலாம், கொள்ளையடிக்கலாம், பார்த்தவர்கள் எல்லாம் சீனர்களாக இருந்தால் போதும். 1871 அக்டோபர் 24 அன்று லாஸ் ஏஞ்சலஸில் சுமார் 500 பேர் கொண்ட கும்பல் சீனர் குடியிருப்புக்குள் புகுந்து 18 பேரையாவது கொன்றது. எட்டுப் பேருக்குத் தண்டனை கிடைத்தது, பிறகு அதுவும் ரத்தானது. 1885 செப்டம்பரில் வயோமிங்கின் ராக் ஸ்பிரிங்ஸ் நிலக்கரிச் சுரங்க ஊரில் 28 சீனத் தொழிலாளர்கள் கொல்லப்பட்டார்கள், குடிசைகள் எரிக்கப்பட்டன. அதற்காக ஒருவர்கூடத் தண்டிக்கப்படவில்லை.

இந்த இரண்டுக்கும் நடுவில், 1882-ல், சீனத் தொழிலாளர்கள் நாட்டுக்குள் வரக்கூடாது என்று நாடாளுமன்றமே சட்டம் போட்டது. 1943-ல்தான் அது நீங்கியது. அதுவும் எதற்கு? ஜப்பானுக்கு எதிரான போரில் சீனா கூட்டாளி ஆனதால். அப்போதும் ஆண்டுக்கு 105 சீனர்கள் மட்டும் வரலாம் என்றார்கள். அதற்கு முந்தைய ஆண்டு, 1942-ல், ஜப்பானிய வம்சாவளியினர் சுமார் 1,20,000 பேரை வீடு, கடை எல்லாவற்றையும் விட்டு முகாம்களுக்குப் போகச் சொல்லியிருந்தார்கள். அவர்களில் மூன்றில் இரண்டு பங்கு பேர் அமெரிக்கக் குடிமக்கள்.

இதில் ஓர் ஒழுங்கு தெரிகிறது. ஒரு நாட்டோடு போர், ஒரு நாட்டோடு வியாபாரப் போட்டி, ஒரு நோய் என்று எது வந்தாலும், அமெரிக்காவிலேயே பிறந்து வளர்ந்தவரை அந்த நாட்டின் ஆளாகப் பார்ப்பது. எத்தனை தலைமுறை ஆனாலும் வெளியாள்தான்.

இந்தியர்கள் மீதும் இப்படி நடந்திருக்கிறதா?

நிறைய. 1907 செப்டம்பர் 4 அன்று வாஷிங்டன் மாநிலத்தின் பெல்லிங்ஹாமில் சில நூறு வெள்ளையர்கள் மரமில்களில் வேலை செய்த பஞ்சாபித் தொழிலாளர்களின் தங்குமிடங்களுக்குள் புகுந்து அடித்து வெளியே இழுத்தார்கள். பாதுகாப்புக்கு என்று சொல்லி அவர்களை நகரமன்றக் கட்டடத்துக் கீழ்த்தளத்தில் வைத்தார்கள். சில நாட்களில் கிட்டத்தட்ட எல்லோரும் ஊரைவிட்டே போய்விட்டார்கள். அந்தக் கும்பலில் ஒருவருக்கும் தண்டனை இல்லை. விரட்டப்பட்டவர்களில் பெரும்பாலோர் சீக்கியர்கள், ஆனால் பத்திரிகைகள் எல்லோரையும் 'இந்துக்கள்' என்றே எழுதின.

குடியுரிமை கதை இன்னும் வேடிக்கை. அப்போதைய சட்டப்படி, குடியேறியவர்களில் வெள்ளையரும் ஆப்பிரிக்க வம்சாவளியினரும் மட்டுமே குடியுரிமை பெறலாம். 1922-ல் தக்காவோ ஒசாவா என்ற ஜப்பானியர், என் தோல் வெள்ளைதானே என்று வழக்காடினார். உச்ச நீதிமன்றம், தோல் நிறம் கணக்கில்லை, 'காகசியன்' இனமாக இருக்க வேண்டும் என்றது. சரி என்று மூன்று மாதம் கழித்து பகத் சிங் திந்த் வந்தார். அமெரிக்க ராணுவத்தில் இருந்தவர். அன்றைய மானுடவியல் புத்தகங்களின்படி வட இந்தியர் காகசியன்தான், எனக்குக் கொடுங்கள் என்றார். அதே நீதிமன்றம், அறிவியல் சொல்வது இருக்கட்டும், சாதாரண மனிதன் கண்ணுக்கு நீ வெள்ளையன் இல்லை என்று சொல்லிவிட்டது. ஏற்கெனவே குடியுரிமை வாங்கியிருந்த இந்தியர்கள் பலரிடமிருந்தும் அது பறிக்கப்பட்டது. 1946-ல்தான் கதவு மறுபடி திறந்தது, ஆண்டுக்கு 100 இந்தியர்களுக்கு.

திந்தின் வாதத்தில் இன்றைக்கும் நம்மவர்கள் கவனிக்க வேண்டிய ஒன்று உண்டு. தான் உயர்சாதி, ஆரிய ரத்தம், கீழ்ச்சாதியோடு கலக்காதவன் என்றும் அவர் தரப்பு வாதாடியது. வேலியை எடு என்று கேட்கவில்லை, என்னையும் உள்ளே விடு என்றுதான் கேட்டது. உள்ளே விடவில்லை.

அப்புறம் 1987-ல் நியூ ஜெர்சியின் ஜெர்சி சிட்டியில் 'டாட்பஸ்டர்ஸ்' என்று ஒரு கும்பல். டாட் என்பது பெண்கள் நெற்றியில் வைக்கும் பொட்டு. இந்தியர்களை ஊரைவிட்டு விரட்ட எந்த எல்லைக்கும் போவோம் என்று உள்ளூர்ப் பத்திரிகைக்கே கடிதம் எழுதினார்கள். அந்த ஆண்டே பக்கத்து ஊரான ஹோபோக்கனில் இந்திய வம்சாவளிப் பார்சி ஒருவரை இளைஞர் கூட்டம் ஒன்று அடித்துக் கொன்றது. 2001 செப்டம்பர் 11 தாக்குதலுக்கு நான்கு நாட்கள் கழித்து அரிசோனாவின் மேசா நகரில் பெட்ரோல் பங்க் வைத்திருந்த சீக்கியர் ஒருவர் தன் கடை வாசலில் சுட்டுக்கொல்லப்பட்டார். 2012-ல் விஸ்கான்சினின் ஓக் க்ரீக் குருத்வாராவில் வெள்ளை இனவாதி ஒருவன் ஆறு பேரைக் கொன்றான், படுகாயமடைந்த ஏழாமவர் பல வருடம் கழித்து இறந்தார்.

வின்சென்ட் சின் வழக்கை ஏன் எல்லோரும் குறிப்பிடுகிறார்கள்?

கொலையைவிட, அதற்குப் பிறகு நீதிமன்றத்தில் நடந்ததுதான் காரணம்.

1982. டெட்ராய்ட்டில் கார் தொழிற்சாலைகள் ஆட்களை வீட்டுக்கு அனுப்பிக்கொண்டிருந்தன. பெட்ரோல் விலை ஏறியதில் சின்ன ஜப்பானியக் கார்கள் விற்றன, அமெரிக்கப் பெரிய கார்கள் தேங்கின. கோபம் கம்பெனி நிர்வாகத்தின் மீது திரும்பவில்லை, ஜப்பான் மீது திரும்பியது. காசு வாங்கிக்கொண்டு சம்மட்டியைக் கையில் கொடுத்து டொயோட்டா காரை உடைக்கவிடும் வேடிக்கைகள்கூட நடந்தன.

வின்சென்ட் சின் 27 வயது சீன வம்சாவளி இளைஞர், வரைபடக் கலைஞர், வார இறுதியில் உணவகத்தில் பரிமாறுபவர். ஜூன் 19 இரவு, கல்யாணத்துக்கு ஒன்பது நாள் முன்பு, நண்பர்களோடு ஒரு நடன விடுதிக்குப் போனார். அங்கே க்ரைஸ்லர் நிறுவன மேற்பார்வையாளர் ஒருவரோடும் அவருடைய வளர்ப்பு மகனோடும் தகராறு. உங்களால்தான் எங்களுக்கு வேலை இல்லை என்று அந்த மேற்பார்வையாளர் கெட்ட வார்த்தையோடு கத்தியதாக அங்கு ஆடிக்கொண்டிருந்த பெண் பிறகு சாட்சி சொன்னார். இருவரும் சின்னைத் தேடிப்போய், ஒரு மெக்டொனால்ட்ஸ் வாசலில் பிடித்தார்கள். வளர்ப்பு மகன் பிடித்துக்கொள்ள, மேற்பார்வையாளர் பேஸ்பால் மட்டையால் தலையில் அடித்தார். நான்கு நாள் கழித்து சின் இறந்தார். கல்யாணத்துக்கு அழைக்கப்பட்டவர்கள் இறுதிச் சடங்குக்கு வந்தார்கள்.

1983 மார்ச் 16 அன்று தண்டனை. மூன்று வருட நன்னடத்தைக் கண்காணிப்பு, ஆளுக்கு 3,000 டாலர் அபராதம், அதற்கு மேல் வழக்குச் செலவு. அரசு வழக்கறிஞர் அன்று நீதிமன்றத்தில் இல்லை. சின்னின் அம்மா லில்லி சின்னுக்கும் தகவல் இல்லை. இவர்கள் சிறைக்கு அனுப்பக்கூடிய மாதிரி ஆட்கள் அல்ல என்று நீதிபதி சார்ல்ஸ் காஃப்மன் விளக்கம் சொன்னார். நீதிபதி குற்றத்தைப் பார்க்கவில்லை, நின்றவர்களின் வேலையையும் குடும்பத்தையும் பார்த்தார்.

சீன, ஜப்பானிய, கொரிய, ஃபிலிப்பினோ குடும்பங்கள் சேர்ந்து ஓர் அமைப்பு கண்டன. முன்னணியில் இருந்த பத்திரிகையாளர் ஹெலன் ஜியாவும் கார் தொழிற்சாலையில் வேலை பார்த்து வேலை இழந்தவர்தான். குடிமை உரிமைச் சட்டங்கள் கறுப்பின மக்களுக்காக வந்தவை, ஆசியர்களுக்குப் பொருந்தாது என்று சொன்ன சட்ட நிபுணர்களும் இருந்தார்கள். கறுப்பினத் தலைவர் ஜெஸ்ஸி ஜாக்சன் ஆதரவுக்கு வந்தார். மத்திய அரசு வழக்குப் போட்டது, 1984-ல் மேற்பார்வையாளருக்கு 25 வருடத் தண்டனை கிடைத்தது. மேல்முறையீட்டில் அது ரத்தாகி, 1987-ல் சின்சினாட்டியில் நடந்த மறுவிசாரணையில் அவர் விடுதலையானார். இருவரும் சிறைத் தண்டனை அனுபவிக்கவே இல்லை. லில்லி சின் அந்த ஆண்டே சீனாவுக்குத் திரும்பிப் போய்விட்டார்.

அட்லாண்டா கொலைகள் இனவெறியா? கொலையாளியே அப்படி இல்லை என்றானே?

2021 மார்ச் 16. (சின் வழக்கில் தண்டனை சொன்ன அதே தேதி, தற்செயல்தான்.) அட்லாண்டா நகரிலும் அதன் புறநகரிலும் மூன்று மசாஜ் நிலையங்களில் 21 வயது வெள்ளையர் ஒருவர் எட்டுப் பேரைச் சுட்டுக் கொன்றார். ஆறு பேர் ஆசியப் பெண்கள். தனக்குப் பாலியல் மோகம் ஒரு நோயாக இருக்கிறது, தன்னைச் சபலப்படுத்தும் இடங்களை ஒழிக்க நினைத்ததாக அவர் போலீஸிடம் சொன்னார். மறுநாள் ஷெரிஃப் (வட்டாரக் காவல் தலைவர்) அலுவலகச் செய்தித் தொடர்பாளர் ஊடகங்களிடம், நேற்று அவருக்கு ரொம்ப மோசமான நாள் என்கிற தொனியில் பேசினார். எட்டுப் பேர் செத்துக் கிடக்கும்போது மோசமான நாள் யாருக்கு என்று ஊரே கேட்டது.

இனமா, பாலியலா என்று பிரித்துக் கேட்பதே இங்கே வழி தவறும் இடம். 1882-ல் சீனத் தொழிலாளர்களைத் தடுத்த சட்டத்துக்கும் முன்னால், 1875-ல் வந்த பேஜ் சட்டம் விபசாரத்துக்காகக் கொண்டுவரப்படும் பெண்களைத் தடுக்கிறேன் என்று சொல்லி, நடைமுறையில் சீனப் பெண்கள் எல்லோரையுமே அந்தச் சந்தேகத்தோடு நிறுத்தியது. பிறகு கொரியாவிலும் வியட்நாமிலும் அமெரிக்கப் படைமுகாம்களைச் சுற்றி வளர்ந்த தொழில், சினிமாக்காரர்கள் கட்டிய பிம்பம் எல்லாம் சேர்ந்து, ஆசியப் பெண் என்றால் இப்படித்தான் என்ற எண்ணம் ஊறிப்போனது. அந்தப் பெண்களைத் 'தன் சபலம்' என்று ஒருவனால் பார்க்க முடிந்ததே அதனால்தான். ஆணாதிக்கமும் இனவெறியும் அங்கே ஒரே துப்பாக்கியில் இருந்தன.

சட்டமும் இரண்டு விதமாகப் பார்த்தது. புறநகர் இருக்கும் செரோக்கி கவுண்டியில் (கவுண்டி என்றால் நம் மாவட்டம் போன்றது) வெறுப்புக் குற்றத்துக்கு ஆதாரம் இல்லை என்றார்கள், கொலையாளி குற்றத்தை ஒப்புக்கொண்டு சாகும்வரை சிறை வாங்கினார். நகரம் இருக்கும் ஃபுல்டன் கவுண்டி வழக்கறிஞர் ஃபானி வில்லிஸோ வெறுப்புக் குற்றம் என்று சேர்த்தே வழக்குத் தொடுத்தார். அவர் பயன்படுத்திய ஜார்ஜியா வெறுப்புக் குற்றச் சட்டம் 2020-ல்தான் வந்தது, அஹ்மாட் ஆர்பெரி என்ற கறுப்பின இளைஞர் ஓடிக்கொண்டிருந்தபோது துரத்திக் கொல்லப்பட்டதற்கு எழுந்த போராட்டத்தால்.

வீடியோக்களில் தாக்குபவர் கறுப்பினத்தவராக இருக்கிறாரே?

சில சம்பவங்களில் ஆம். 2021 மார்ச்சில் நியூயார்க்கில் 65 வயது ஃபிலிப்பினோ அம்மாவை, நீ இந்த ஊர் ஆள் இல்லை என்று சொல்லி மிதித்தவர் கறுப்பினத்தவர். அதை மறைக்க வேண்டியதில்லை. ஆனால் வாட்ஸ்அப்பில் திரும்பத் திரும்ப வருவது எந்த வீடியோ, வராதது எது என்றும் பார்க்க வேண்டும். இந்தப் பக்கத்தில் இதுவரை வந்த கும்பல்களையும் சட்டங்களையும் நீதிபதிகளையும் எண்ணிப் பாருங்கள்.

ஆசியர் தரப்புக் கணக்கும் சுத்தம் அல்ல. 1991-ல் லாஸ் ஏஞ்சலஸில் ஒரு கொரியக் கடைக்காரப் பெண்மணி, ஆரஞ்சு ஜூஸ் திருடியதாக நினைத்து 15 வயதுக் கறுப்பினச் சிறுமியைப் பின்னந்தலையில் சுட்டுக் கொன்றார். சிறுமி கையில் காசு இருந்தது. நீதிபதி சிறைத் தண்டனை கொடுக்கவில்லை: கண்காணிப்பு, சமூக சேவை, 500 டாலர் அபராதம். அடுத்த ஆண்டு அந்த நகரில் வெடித்த கலவரத்தில் கொரியக் கடைகள் பல எரிந்தன. ஏழைக் கறுப்பினப் பகுதியில் வங்கி கடன் கொடுக்காது, பெரிய கடைகள் வராது, வேறு வேலை கிடைக்காத புதுக் குடியேறி அங்கே சின்னக் கடை போடுவார். இரண்டு பேரையும் அந்தக் கல்லாப்பெட்டிக்கு இரண்டு பக்கமும் நிறுத்தியது அந்த ஏற்பாடு. அதைப் பேசாமல் 'அவர்களுக்கு நம்மைப் பிடிக்காது' என்று சொல்வது சோம்பேறித்தனம்.

நாம் நன்றாகப் படித்து நல்ல சம்பளம் வாங்குகிறோமே, நம்மை யார் ஒதுக்குகிறார்கள்?

'முன்மாதிரிச் சிறுபான்மை' என்ற கதை 1966 வாக்கில் பத்திரிகைகளில் பரவியது. கறுப்பின மக்கள் உரிமைக்காகத் தெருவில் நின்ற நேரம் அது. ஆசியர்கள் புகார் சொல்லாமல் உழைத்து முன்னேறுகிறார்களே, நீங்கள் ஏன் கத்துகிறீர்கள் என்று அவர்களைப் பார்த்துச் சொல்ல அந்தக் கதை வசதியாக இருந்தது. 1965 குடியேற்றச் சட்டம் படித்தவர்களையும் தொழில்திறன் உள்ளவர்களையும் பொறுக்கி எடுத்து உள்ளே விட்டது என்பதை யாரும் சேர்த்துச் சொல்வதில்லை. அந்தச் சட்டத்தைச் சாத்தியமாக்கியதே கறுப்பின மக்களின் போராட்டம்தான். 'ஆசியர்' என்ற பெயருக்குள் மென்பொருள் பொறியாளரும் இருக்கிறார், தென்கிழக்கு ஆசியாவிலிருந்து அகதியாக வந்த ஹ்மாங் இனக் குடும்பமும் நகப்பூச்சுக் கடையில் நாளெல்லாம் ரசாயன வாடையில் உட்காரும் வியட்நாமியப் பெண்ணும் இருக்கிறார்கள்.

சம்பளமும் காப்பாற்றுவதில்லை. 2017-ல் கேன்சஸ் மாநிலத்தின் ஓலேத்தாவில் சுட்டுக்கொல்லப்பட்டவர் நல்ல கம்பெனியில் இருந்த 32 வயது ஐதராபாத் பொறியாளர், வேலை முடிந்து நண்பரோடு ஒரு விடுதியில் உட்கார்ந்திருந்தார். கொன்றவன் அவர்களை ஈரானியர்கள் என்று நினைத்தான்.

'இனவெறி எதிர்ப்புப் பார்வை' என்றால், எல்லோரையும் சமமாக நினைப்பதுதானே?

அது நல்ல குணம், ஆனால் இது அது அல்ல. அடித்தவன் மனதில் வெறுப்பு இருந்ததா என்ற கேள்வியோடு இந்தப் பார்வை நிற்காது. சாட்சி சொல்ல யாரை விட்டார்கள், குடியுரிமை யாருக்குக் கிடைத்தது, நீதிபதி யாரை 'நம்ம ஆள்' என்று பார்த்தார், வேலை போனபோது பழியை யார் மேல் போடச் சொன்னார்கள் என்று அது கேட்கும். நம்மை உயர்த்திப் பேசி இன்னொருவரைத் தாழ்த்தும் பாராட்டையும் வேண்டாம் என்று சொல்லும்.

வெறுப்புக் குற்றச் சட்டம் வந்துவிட்டதே, போதாதா?

2021 மே மாதம் அதிபர் பைடன் கோவிட்-19 வெறுப்புக் குற்றச் சட்டத்தில் கையெழுத்திட்டார். செனட்டில் 94-க்கு 1 என்று நிறைவேறியது. புகார் செய்வதை எளிதாக்குவது, நீதித்துறையில் வேகமாக ஆய்வு செய்ய அதிகாரி நியமிப்பது போன்றவை அதில் உண்டு. பல ஆசிய அமெரிக்க அமைப்புகளே இதை எதிர்த்தன என்பது இங்கே பலருக்குத் தெரியாது. போலீஸுக்கு இன்னும் பணமும் அதிகாரமும் என்றால் அடி கறுப்பின மக்கள் மேல்தான் விழும், மசாஜ் நிலையத்தில் வேலை செய்யும் பெண்களையும் போலீஸ் சோதனை என்ற பெயரில் துன்புறுத்துகிறது என்பது அவர்கள் வாதம். எனக்கு அந்த வாதத்தில் பாதி சம்மதம். கணக்கெடுப்பு வேண்டும், வழக்கும் வேண்டும். ஆனால் சட்டம் வருவது அடி விழுந்த பிறகுதான்.

சென்னையில் பிறந்த பிரமிளா ஜெயபால் நாடாளுமன்ற உறுப்பினராவதற்கு வெகுகாலம் முன்பு, 2001-ல் சியாட்டிலில் 'ஹேட் ஃப்ரீ ஸோன்' என்ற அமைப்பைத் தொடங்கினார். அரபு, முஸ்லிம், தெற்காசியக் குடும்பங்கள் மீது நடந்த தாக்குதல்களோடு, அவர்களை நாடுகடத்தும் அரசு நடவடிக்கைகளையும் அது சேர்த்தே எதிர்த்தது. எனக்குப் பிடித்த உதாரணம் அதுதான்.

ஆசியரே ஆசியரைக் கொன்றால்?

2023 ஜனவரியில் கலிஃபோர்னியாவின் மான்டரே பார்க்கில் 11 பேரைக் கொன்றவர் ஆசிய முதியவர்தான். அது துப்பாக்கி எளிதாகக் கிடைப்பதன் பிரச்சினை. எல்லாவற்றையும் இந்தப் பக்கத்துக்குள் திணிக்க வேண்டாம்.

நம்மிடமே சாதியும் நிறவெறியும் இருக்கிறதே?

இருக்கிறது. அமெரிக்கா போனாலும் சாதி பெட்டியோடு போகிறது. அதனால்தான் 2023 பிப்ரவரியில் சியாட்டில் நகரமன்றம் சாதிப் பாகுபாட்டைத் தடைசெய்ய வேண்டி வந்தது. ஊரிலும் 2020-ல் மணிப்பூர், நாகாலாந்து, மிசோரம் பிள்ளைகளைப் பார்த்து 'கொரோனா' என்று கத்தியது இந்திய நகரங்களில்தான். அமெரிக்காவில் வெறுப்பைக் கண்டித்து ஸ்டேட்டஸ் போடுகிறவர் வீட்டு வாடகைக்கு வருபவரிடம் என்ன கேட்கிறார் என்பதும் இதே கேள்வியின் கீழ்தான் வரும்.

கண் முன்னால் நடந்தால் என்ன செய்வது?

மேலே சொன்ன நியூயார்க் சம்பவத்தில், அந்த அம்மா விழுந்து கிடந்தபோது எதிரே கட்டடத்தின் முகப்பறையில் இருந்த ஊழியர் ஒருவர் கதவைச் சாத்தினார். கேமராவில் அது பதிவாகி உலகம் முழுக்கப் போனது. பயம்தான் காரணமாக இருக்கலாம். தாக்குபவனோடு சண்டைக்குப் போங்கள் என்று யாரும் கேட்கவில்லை.

வசை மட்டும் நடக்கிறது என்றால், பாதிக்கப்பட்டவரிடம் போய், இந்த பஸ் எங்கே போகும் என்று சம்பந்தமில்லாமல் பேச்சுக் கொடுங்கள். கத்துபவனைப் பார்க்கவே வேண்டாம், பல நேரம் அதோடு சூடு அடங்கிவிடும். நீங்கள் தனியாக இருந்தால் ஓட்டுநரையோ கடைக்காரரையோ கூப்பிடுங்கள். அடி விழுந்தால் அவசர எண் 911-ஐ அழையுங்கள். வீடியோ எடுத்தால் அதை அவரிடமே கொடுங்கள், கேட்காமல் நெட்டில் போடாதீர்கள். போலீஸுக்குப் போவதா என்பதும் அவர் முடிவு. விசா நிலைமை எப்படியோ, அவருக்குத்தான் தெரியும். எல்லாம் முடிந்த பிறகு இரண்டு நிமிடம் கூட நின்று, வீடு வரை வரட்டுமா என்று கேளுங்கள்.

இன்னொன்று: தாக்கியவன் சொன்ன வார்த்தைகளை, கெட்ட வார்த்தை உட்பட, அப்படியே அன்றைக்கே எழுதி வையுங்கள். வெறுப்புக் குற்றம் என்று நிரூபிக்க அந்த வார்த்தைகள்தான் பெரும்பாலும் வேண்டும். ஓலேத்தாவில் 'என் நாட்டைவிட்டுப் போ' என்று கொலையாளி கத்தியதை விடுதியில் இருந்தவர்கள் கேட்டிருந்தார்கள். 2018-ல் அவன் வெறுப்புக் குற்றத்தை ஒப்புக்கொண்டு ஆயுள் தண்டனை பெற்றான்.